முகம் பார்த்து வாங்காத கறி

எங்கள் தெருவில் எல்லோரும் சூப்பர் மார்க்கெட்டில்தான் ஆட்டுக்கறி வாங்குகிறார்கள். ஆனால் யாரைக் கேட்டாலும் வாங்குவதில்லை என்பார்கள். பிளாஸ்டிக் தட்டில் வைத்து, மேலே கண்ணாடித்தாள் சுற்றி, விலைச்சீட்டு ஒட்டி அடுக்கியிருக்கும் தொடைக்கறியை எடுத்துப் பையின் அடியில் போட்டு, மேலே கீரைக்கட்டைப் பரப்பிக்கொண்டு எங்கள் கடையைத் தாண்டிப் போவார்கள். போகிற போக்கில், "என்னம்மா, அப்பா நல்லா இருக்காரா?" என்று என்னிடம் ஒரு குசலம் வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது கொஞ்சம் சுலபம். மறுநாள் அதே பை எங்கள் கடைக்கு வரும். "எலும்பு மட்டும் கொஞ்சம் போடுங்க." அப்பாவுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் எலும்பை நறுக்கிக் கொடுப்பார்.

அப்பா கறிக்கடைக்காரர். நான் அவர் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். ஆனால் நான் சொல்ல வந்தது என் அத்தையைப் பற்றி, அப்பாவின் ஒரே தங்கையைப் பற்றி.

அத்தை குட்டை. சிரிப்பு மட்டும் ஆளைவிடப் பெரிது. மாமா இறந்தபிறகு எங்களோடு வந்து தங்கி, கடையின் பின்னறையில் கறி வெட்ட ஆரம்பித்தாள். அவள் கத்தி எலும்போடு மல்லுக்கட்டாது, மூட்டைப் பார்த்து இறங்கும். ஜவ்வை ஒரே இழுப்பில் உரித்துவிடுவாள். முன்னால் நின்று விற்பது அப்பா. "உங்க கடைக் கறி மாதிரி வராதுங்க" என்று வாடிக்கையாளர்கள் சொல்லும்போது அப்பா மீசையைத் தடவிக்கொள்வார். வெட்டியது யார் என்று யாரும் கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. மனிதர்களோடு பேசுவதென்றால் அத்தைக்கு உயிர். பின்னறையில் அவளுக்குப் பேச்சுத்துணை ஆடுதான், அதுவும் பாதி ஆடு.

எதிர்ச்சாரியில் சூப்பர் மார்க்கெட் திறந்தபோது, கேட்கிற மாதிரி கறி வெட்டிக் கொடுக்க உள்ளே ஒரு மேடை போட்டு, கத்தி பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அத்தை போய்க் கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது. சாப்பிடும்போது மெதுவாக விஷயத்தை எடுத்தாள்.

"அண்ணா, முன்னாடி நின்னு நாலு பேரோட பேசி வெட்டிக் கொடுக்கிற வேலை. வாரத்துல ஒரு நாள் லீவும் உண்டு."

"எனக்கு எதிரா போய் நிக்கப் போறியா?"

"எதிரா இல்லண்ணா, எதிர்ல."

அப்பா சிரித்திருக்கலாம். சிரிக்காமல் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது. அத்தை பின்தெருவில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். வீம்பு எங்கள் குடும்பச் சொத்து, அதில் பெரிய பங்கு அப்பாவுக்கு.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் தொடை மலிவுதான். அவர்களால் பெட்டி பெட்டியாகத் தொடையை மட்டும் வரவழைக்க முடியும். அப்பா முழு ஆடாக வாங்குகிறவர். தொடை போய்விடும், மிஞ்சும் கழுத்தை யார் தலையில் கட்டுவது? அந்த நஷ்டமும் தொடை விலையில்தான் ஏறும். தரம் என்று பார்த்தால் இரண்டு இடத்துக்கும் ஆடு ஒரே பண்ணையிலிருந்து வருகிறது. என்ன, தட்டுக் கறியில் கொழுப்பும் ஜவ்வும் அடியில் போய்விடும், சிவப்பு மட்டும் மேலே தெரியும். விருந்தாளி வரும்போது சுவர் விரிசலில் காலண்டர் மாட்டுகிற வேலை. 'பண்ணையாளர்களுக்குத் தோள் கொடுப்போம்' என்று வாசலில் பெரிய பலகை வேறு. அதைப் படித்த பண்ணைக்காரர், "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. என் விலையைக் குறைச்சதே இவங்கதான்" என்றார்.

நான் அவ்வப்போது அத்தையைப் பார்க்கப் போவேன். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருப்பாள். "வாங்கக்கா, பேத்திக்குப் பல் முளைச்சுதா?" என்று தெருக்காரர்களைக் கூப்பிடுவாள். அவர்கள், "முளைச்சுது, முளைச்சுது" என்றபடி பிஸ்கட் அடுக்கைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். போகும்போது கையில் ஒரு தட்டு இருக்கும்.

"இங்கயும் நான் பின்னறையிலதான் இருக்கேன் போலடி" என்று ஒருநாள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அந்தத் தெருவையே பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

ஒரு காலை, பண்ணைக்காரர் கடையில் ஆட்டை இறக்கிவிட்டுத் தயங்கி நின்றார்.

"உங்க தங்கச்சி நிக்கிற மேடையை எடுக்கப் போறாங்களாம். இந்த மாசத்தோட சரி. அவங்களுக்கும் வேலை போயிடும். யாருமே வெட்டிக் கேக்கறதில்லையாம்."

"தட்டுல மலிவா கிடைக்குது, எடுத்துட்டுப் போறாங்க" என்றார் அப்பா.

"ரெண்டும் ஒரே விலைதாங்க."

"அப்புறம் என்னவாம்?"

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"தட்டுக்கு முகம் இல்லப்பா. அதை எடுத்தா யாருக்கும் தெரியாது. அத்தை கையால வாங்கினா உங்களுக்குத் துரோகம் பண்ணின மாதிரி ஆயிடுமாம். எல்லாம் உங்க மேல இருக்கிற மரியாதை. அந்த மரியாதைதான் அத்தை வேலைக்கு வேட்டு வைக்குது."

"அதுக்கு நான் என்ன பண்ண?" என்று அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு அப்பாவின் தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க. உங்களுக்கு வெட்டி வெட்டி அதுவும் மரத்துப் போச்சு போல."

மறுநாள் விடுமுறை, கடையில் நல்ல கூட்டம். நடுவில் அப்பா கத்தியை வைத்தார். கையைக் கழுவினார். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சாலையைக் கடந்து நேராக சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனார். கறிக்கடைக்காரர் அங்கே கறி வாங்கப் போகிறார் என்றால் கடையின் மானம் என்னாவது? நான் கல்லாவைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். கறிக்கு நின்றவர்களும் வேடிக்கையை விடுவார்களா, கூடவே வந்துவிட்டார்கள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"தொடை என்ன விலை?"

அத்தை விலைச்சீட்டைக் காட்டினாள்.

"வாயால சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

சொன்னாள்.

"என் கடையை விடக் கம்மி."

"தொடை மட்டும்தாண்ணா கம்மி. கழுத்து, நெஞ்செலும்பு எல்லாம் உங்ககிட்ட வாங்கினாதான் லாபம். சூப்புக்கும் உங்க கடைதான் சரி, அன்னன்னிக்கு வெட்டினது." நல்லவேளை, மேனேஜர் பக்கத்தில் இல்லை.

"இந்தக் கறி எப்படி?"

"உங்களுக்கு வர்ற அதே பண்ணை. கொஞ்சம் குளிர்ல இருந்ததால மெத்துனு இருக்கும்."

"வெட்டறது யாரு?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கடையில் கூவுகிற குரல் அன்று அவருக்கு வரவில்லை.

"என் கடைக் கறி மாதிரி வராதுன்னு சொல்லுவீங்களே, அதை வெட்டினது இவதான். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவகிட்ட வாங்கறதும் என்கிட்ட வாங்கறதும் ஒண்ணுதான். என்னைப் பாத்து யாரும் ஒளிய வேணாம்." பிறகு அத்தையிடம், "ஒரு தொடை வெட்டிக் கொடும்மா" என்றார்.

அன்று அத்தை வெட்டியது அவ்வளவு ஒழுங்காக இல்லை. கண் நிறைந்திருக்கும்போது மூட்டு எங்கே தெரியும்? அப்பா ஒரு குறையும் சொல்லவில்லை. பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றியா?"

"வரேண்ணா."

அப்பா நகரவில்லை. பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மா கையிலிருந்த தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே.

அத்தை கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."