மாட்டின் காதைத் தொடும் டாக்டர்

மல்லசமுத்திரத்திலிருந்து வந்த அந்த மாட்டு டாக்டர் மெலிந்த மனிதர். எந்த மாட்டிடம் போனாலும் சூடு இருக்கிறதா என்று முதலில் காதைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

கன்று போட்ட மூன்றாம் நாள், எங்கள் ஜெர்சி மாடு இழுப்பு வந்து விழுந்து கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. அவர் முதலில் மயக்க ஊசி போட்டார். மாடு அடங்கியதும் கழுத்து நரம்பில் சுண்ணாம்புச்சத்து மருந்தை மெதுவாக ஏற்றினார்.

"மயக்கத்துல அடங்கியிருக்குதுங்க. கொணமாயிருச்சுன்னு நெனச்சுறாதீங்க. சத்தெல்லாம் பாலோட போயிருது. நாளைக்கு நான் வர்ற வரைக்கும் ஒட்டக் கறந்துறாதீங்க" என்றார்.

சாயங்காலம் மாடு எழுந்து நின்று தவிடு தின்றது. மடி கல்லாக இறுகியிருந்தது. விட்டால் மடிநோய் வந்துவிடும் என்று பயந்து, காம்பில் சொட்டு இல்லாமல் கறந்துவிட்டேன்.

காலையில் அவர் வந்தபோது மாடு செத்து விறைத்துக் கிடந்தது. அப்போதும் குனிந்து காதைத் தொட்டார்.

"பால ஒட்டக் கறந்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

அவர் வெகுநேரம் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப நான் போட்ட மருந்துதான் பத்தலையாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசியை எடுக்கும்போது அவர் கை தயங்கியிருக்கும். நான் போய் உண்மையைச் சொல்லவே இல்லை.