சுல்தானாவின் ஆடி லீவு

நறுக்... நறுக்...

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் குதிரை புல் கடிக்கும் சத்தம். விடிவதற்குச் சற்று முன்னால், பாதித் தூக்கத்தில் கேட்க வேண்டும். அதற்கு மேல் வர்ணிக்க எனக்கு வராது.

இன்ஜினியரிங் காலேஜ் முடித்துவிட்டு, கம்பெனி எப்போது கூப்பிடும் என்று ஸ்ரீரங்கத்தில் சும்மா திரிந்த வருஷம் அது. "எப்ப ஜாயின் பண்ணப் போறீங்க?" என்று மாவு மில்லில்கூடக் கேட்டார்கள். கடுப்பு.

கூடப் படித்தவன் உறையூர் காதர். அவர்கள் வீட்டுக் குதிரைகள் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் போகும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, குதிரைக்கும் வேலை கிடையாது. அதனால் வருஷா வருஷம் ஆடியில் ஓர் ஏரிக்குக் கொண்டுபோய் மேய விடுவார்கள்.

"வீட்ல உக்காந்து ஃபேன எண்ணாத. வா, வந்து குதிரையப் பாத்துக்க," என்றான் காதர்.

மினி லாரியில் போனோம். நான், காதர், அவன் மச்சான் சலீம். துறையூர் தாண்டி, பச்சைமலை நீலமாகத் தெரிகிற ஒரு பெரிய ஏரி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே ட்ரோனோடு போய் நிற்பீர்கள்.

ஆடியில் தண்ணீர் நடுவுக்குச் சுருங்கிவிடும். ஓரமெல்லாம் புல். பகல் முழுக்கக் காற்று தார்ப்பாயைப் பிய்க்கும். விடியற்காலையில் மட்டும் சுத்தமாக நின்றுவிடும். அப்போது மலை தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கும்...

மொத்தம் மூன்று குதிரைகள். வெள்ளைக் குதிரை சுல்தானா. தலைக் குஞ்சம், ஜிகினா எல்லாம் கழற்றினதும் அவள் சின்னதாகிவிட்டாள். வந்த புதிதில், யாரோ போட்டோ எடுப்பதுபோல நின்றபடியே இருந்தாள். லீவை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் திடீரென்று புல்லில் படுத்து, நாலு காலும் மேலே தூக்கி உருண்டாள்.

"பாருடா, மாப்ள இல்லாத கல்யாணம்!" என்றான் சலீம்.

அப்புறம் அந்தக் காலை.

சலீம் முகம் கழுவ ஏரியின் எதிர் வளைவுக்குப் போயிருந்தான். அங்கே அவன் போன் அடித்தது. ரிங்டோன், ஊர்வல நாதஸ்வரம். தொழில் பக்தி! காற்றில்லாத தண்ணீர் மேல் அது அப்படியே மிதந்து வந்தது.

சுல்தானா தலையைத் தூக்கினாள். அவளுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஊர்வலம் கிளம்பிவிட்டது, நட.

நடந்தாள். சத்தத்தை நோக்கி, நேர்கோட்டில், அழகாக. நடுவில், மேலே காய்ந்து உள்ளே கூழாக இருந்த வண்டல். நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் வயிறு வரை இறங்கிவிட்டாள்.

மிரண்டு உதறினாள். உதற உதற இன்னும் உள்ளே போனாள். கால் முறிந்தால் குதிரை பிழைப்பது கஷ்டம். காதர் அதைச் சொல்லவில்லை. "யா அல்லா... யா அல்லா..." மட்டும்தான். குட்டியிலிருந்து அவன் வளர்த்தவள்.

"எடையப் பரப்பணும். லாரிப் பலக, வைக்கோல், தார்ப்பாய், எல்லாத்தையும் கொண்டா!" என்று கத்தினேன். எங்கள் கூடாரத்தையே பிடுங்கினேன். ஆனால் அவள் உதைக்கிற உதையில் கிட்டே போக முடியவில்லை.

சலீம் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். கையில் போன் மறுபடியும் பாடிக்கொண்டிருந்தது.

"அத அமத்துடா மூதேவி!" என்றேன்.

அமர்த்தினான். ஒரு நொடி நின்றான். "மச்சான்... மண்டப வாசல்!"

எனக்குப் புரியவில்லை. காதருக்குப் புரிந்தது. ஊர்வலம் மண்டபத்துக்கு வந்ததும் மேளம் வேகமெடுக்கும். அந்த இடத்தில் குதிரை நின்றுவிட வேண்டும். ஆரத்தி முடிந்து மாப்பிள்ளை இறங்கும் வரை, பக்கத்தில் சரவெடி வெடித்தாலும் கால் அசையக் கூடாது. அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

சலீம் சோற்றுக் குண்டானைக் கவிழ்த்து அடி அடியென்று அடித்தான். காதர் வாயாலேயே நாதஸ்வரம். "பீபீ பீபீ பீபீபீ..." பாதி அழுகையில். கரையில் ஆடு ஓட்டி வந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

சுல்தானாவும் நின்றாள்.

உடம்பெல்லாம் நடுங்கியது. கண் வெள்ளை தெரிந்தது. ஆனால் கால் அசையவில்லை. அந்த அசையாமையில் நான் தவழ்ந்து போய், வைக்கோலைத் திணித்து, தார்ப்பாயை விரித்து, கரை வரை பலகை போட்டேன். கையால் அவள் முன்காலைச் சுற்றிச் சேற்றை வாரினேன். அவள் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது.

"போதும்டா. இப்ப போடு," என்றேன்.

சலீம் குண்டானை நிறுத்திவிட்டு ரிங்டோனைப் போட்டான். ஊர்வலம்.

ஒரு எம்பு. வழுக்கினாள். இன்னொரு எம்பு. பலகை மேல் டக் டக்கென்று, சேறு சொட்டச் சொட்ட நடந்து கரைக்கு வந்தாள். காதர் அவள் வயிற்றில் முகத்தை வைத்தவன், ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

போன தையில் எனக்குக் கல்யாணம். வீட்டில் கார் என்றார்கள். நான் குதிரை என்றேன். மண்டப வாசலில் மேளம் வேகமெடுத்தது. சுல்தானா அப்படியே நின்றாள். ஆரத்தி முடிந்தது. நானும் அசையவில்லை. எல்லோரும் கூப்பிட்டார்கள், எனக்கு எங்கேயோ தண்ணீர் தெரிந்தது...

கீழே கடிவாளம் பிடித்திருந்த காதர் மெதுவாகச் சொன்னான்: "எறங்குடா இன்ஜினியர். இங்க சேறு இல்ல."

இப்போது ஓசூரில் இருக்கிறேன். ஆடி பிறந்துவிட்டது. அவளுக்கு லீவு, எனக்கு ஷிப்ட்.

காலையில் காதரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். அதில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

நறுக்... நறுக்...

கம்பெனி பஸ்ஸில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாஸ், சிக்னல் சரியில்லையா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.