சந்தனப் பட்டில் வாழைக்கறை

மல்லசமுத்திரத்து மலர்விழிக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யத் தெரியாது. கணவன் மாதேஷ் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போய்விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் முகம் காட்டுவார். அதுவரை வீடும், வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் தோட்டமும் அவள் பொறுப்பு. முன்னறையில் ஆரி வேலைக்கு ரவிக்கைத் துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டங்கள் மூன்று எப்போதும் நிற்கும். ஒன்றில் ஜரிகை பாதி, ஒன்றில் மணி பாதி, மூன்றாவதில் பென்சில் கோடு மட்டும். தோட்டத்திலும் அதே கதைதான். தக்காளிக்குப் பாத்தி பாதி, புடலைக்குப் பந்தல் பாதி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கேட்ட தேதிக்கு ரவிக்கை கைக்கு வந்துவிடும் என்பதால் அந்தச் சிரிப்பில் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தக் கோடைதான் அவளைக் கவிழ்த்தது. காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில், மூன்று மணிக்குச் சூறைக்காற்று, நாலு மணிக்கு மழை. மறுநாள் மழைக்கு ஆயத்தமாக இருந்தால் ஒரு சொட்டு விழாது. எந்த நேரத்தில் ஊசி எடுப்பது, எந்த நேரத்தில் மண்வெட்டி எடுப்பது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அன்றைக்குச் சட்டத்தில் இருந்தது மோகனப்பிரியாவின் கல்யாண ரவிக்கை. ராசிபுரத்துப் பெண். அவள் அப்பா பாலசுந்தரம் தன் தறியிலேயே மகளுக்கென்று நெய்த சந்தன நிறப் பட்டு. வெளிச்சத்துக்காகச் சட்டத்தை வாசலோரம் வைத்துவிட்டு, காற்று வருவதற்குள் வாழைக்கு முட்டுக் கொடுத்துவிடலாம் என்று மலர்விழி தோட்டத்துக்குப் போனாள். முட்டுக் கொடுத்தவள் அதோடு விட்டாளா? பக்கக் கன்றுகளையும் அறுக்கத் தொடங்கினாள். நாலாவது கன்றில் மழை பிடித்துக்கொண்டது. ஓடிவந்து சட்டத்தைத் தூக்கி உள்ளே வைத்தாள். முழங்கையிலிருந்து மூன்று சொட்டு பட்டில் விழுந்ததைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் என்று நினைத்தாள். காய்ந்ததும் ஒன்றும் தெரியவில்லை.

விடிந்ததும் தெரிந்தது. முதுகின் நடுவில், வேலைப்பாடே வேண்டாம் என்று மோகனப்பிரியா வெறுமையாக விடச் சொன்ன இடத்தில், மூன்று பழுப்புப் புள்ளிகள். வாழைக்கறை. எலுமிச்சை தேய்த்துப் பார்த்தாள், உப்பு வைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

பாலசுந்தரத்துக்குப் போன் போட்டாள். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தாள். இருபது வருடமாகச் சேர்த்த பேர் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றது. வாய் வேறு சொன்னது.

“ஏனுங்கண்ணா, துணியில எண்ணெய்க் கறை இருக்குதுங்க. தறியில பட்டிருக்கும்போலங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அப்பாவும் மகளும் அன்று மதியமே பைக்கில் வந்து இறங்கினார்கள். மோகனப்பிரியா புள்ளிகளைப் பார்த்ததும் அழுதாள். பிறகு அப்பாவின் மேல் பாய்ந்தாள்.

“கண்ணாடி மாத்துங்க, கண்ணாடி மாத்துங்கன்னு எத்தன தடவைப்பா சொன்னேன்? கண்ணு தெரியாம எதுக்கு நெய்யோணும்? என் கல்யாணத் துணிலயா எண்ணெயக் கொட்டோணும்?”

“தறிக்கு மேல இருக்கற ஜக்கார்டு பெட்டிக்கு நாந்தான் சாமி எண்ணெய் விட்டேன். சொட்டிருக்கும். அழுவாத. பாவுல நூல் இன்னும் மிச்சம் இருக்குது, மூணு நாள்ல வேற நெய்ஞ்சு தாரேன்” என்றவர் மலர்விழி பக்கம் திரும்பிக் கை கூப்பினார். “உங்க வேலையக் கெடுத்துப் போட்டனுங்க அம்மணி. மன்னிச்சுக்கோங்க.”

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். அவள் உள்ளே போய் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

சொன்னபடி மூன்றாம் நாள் புதுத் துணி வந்தது. அதற்கப்புறம் மலர்விழி தோட்டத்துப் பக்கமே போகவில்லை. தக்காளி பழுத்துக் கீழே விழுந்து அழுகியது, புடலைக்கொடி பந்தலை விட்டு இறங்கியது. பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்தாள். ஊர் மெச்சும்படி ரவிக்கை முடிந்தது. அவளுக்குத்தான் அதை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாலசுந்தரம் குட்டியானை வண்டியில் வந்தார். ரவிக்கையை வாங்கி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார். “மண்டப வாசல்ல கட்டக் குலை தள்ளுன வாழை ரெண்டு வேணுமுங்க. உங்க தோட்டத்துல குடுப்பீங்களா?”

“எடுத்துக்கோங்கண்ணா” என்றாள். இதையாவது கொடுக்க முடிகிறதே என்று இருந்தது.

அவரே அரிவாளை வாங்கி வெட்டினார். மரம் சாயும்போது வெள்ளைச் சட்டையில் பால் தெறித்தது. அவர் கையால் துடைக்கப் போக, மலர்விழி பதறிக் கத்தினாள்.

“ஐயோ, தொடாதீங்கண்ணா! சட்டையக் கழட்டுங்க. இப்பத் தண்ணி மாதிரிதான் இருக்கும், விடிஞ்சாத்தான் கறை தெரியும். அப்புறம் எலுமிச்சம்பழம் போட்டாக்கூடப் போவாதுங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அவர் சட்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “விடிஞ்சாத்தான் தெரியுமுங்களா அம்மணி?”

இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பில்லை. “உங்க தறி இல்லீங்கண்ணா. நாந்தான். கன்னு அறுத்த கையோட வந்து தொட்டுட்டேன். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு.”

திட்டுவார் என்று தலை குனிந்து நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வரப்பில் மெல்ல உட்கார்ந்தார்.

“அப்ப ஜக்கார்டு ஒழுகலீங்களா?”

“இல்லீங்க.”

“மூணு தடவ இறக்கிக் கழட்டிப் பாத்துட்டனுங்க. எங்கயும் ஒழுகக் காணோம். ஒழுகறதுகூட நமக்குத் தெரியலையேன்னு… தறியில உக்காரவே பயமாப் போச்சுங்க அம்மணி.” கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார். “பாப்பாகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டா.”

மலர்விழி அங்கேயே போனை எடுத்தாள். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மோகனப்பிரியா உடனே எடுத்தாள்.

“அக்கா, அப்பா வந்துட்டாருங்களா? ரவிக்கைய நீங்களே ஒருக்கா நல்லாப் பாத்துக் குடுங்கக்கா. அவருக்குக் கறை இருந்தாலும் தெரியாது.”

பாலசுந்தரம் வாழை மரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாப்பா, அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது” என்று மலர்விழி ஆரம்பித்தாள். “கறை பட்டது என் கையால.”