திஹோனிக்குக் கொடுத்த பெயர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எண்ணெய் இருந்தால் எஞ்சின் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளின் நடுவில் அஜ்மானிலிருந்து கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் எனக்கு எஞ்சின் ரூம் டியூட்டி. டெக்கில் வேலை பார்த்தவன் திஹோனி. பசிபிக் சமுத்திரத்தில் தாஹிட்டி என்று ஒரு தீவாம், ஏதோ பிரெஞ்சுக் கப்பலில் ஏறி, அலைந்து, எப்படியோ வளைகுடாவுக்கு வந்து சேர்ந்திருந்தான். வாட்டசாட்டமான ஆள், நான் வைக்கிற மீன்குழம்பில் பாதி அவனுக்குத்தான். உடைந்த இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசிக்கொள்வோம், உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்: "எங்க தீவுக்கு முதமுதல்ல வெள்ளைக்காரன் கப்பல் வந்தப்ப, சிநேகமானவங்க பேர மாத்திக்கிட்டாங்க முருகேஷ் பாய். சும்மா கூப்பிடுறதுக்கு இல்ல. அவன் அம்மா இவனுக்கும் அம்மா. அவனுக்கு வர்றத இவன் வாங்கிக்கணும்."

"நல்லதா இருந்தா சரிதான்" என்றேன்.

"எதுவா இருந்தாலும்."

விளையாட்டுதானே என்று நானும் மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் முருகேசன், நான் திஹோனி. படகில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. எனக்கும் பழகியதுதான் வினை. அஜ்மானில் ஒரு கடைக்காரர் "முருகேசன், முருகேசன்" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார், நான் பாட்டுக்கு நின்றிருக்கிறேன். என் பெயர் என் காதில் ஏறவே இல்லை. அன்றைக்கே அவனிடம் போய், "போதும்ப்பா, என் பேரக் குடுத்துரு" என்றேன்.

"கலாஸ், முடிஞ்சு போச்சு. குடுத்தது குடுத்ததுதான்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், நடுக்கடலில் ஷமால் காற்று பிடித்துக்கொண்டது. மண்ணை வாரிக்கொண்டு வரும் காற்று அது, பட்டப்பகலில் எதிரே நிற்பவன் முகம் தெரியவில்லை. கயிறு இழுத்துக் கட்ட ஆள் போதவில்லை என்று நானும் மேலே வந்திருந்தேன். அப்போதுதான் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏல முருகேசா, சோறு ஆறுது, வாடா."

சத்தியமாகச் சொல்கிறேன், அது என் அம்மா குரல். அம்மா இருப்பதோ தூத்துக்குடியில். போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் கால் நகரவில்லை. கூப்பிட்டது என்னை இல்லை என்று உடம்பே முடிவு செய்துவிட்ட மாதிரி நின்றேன்.

எனக்கு நாலடி தள்ளிக் கயிறு இழுத்துக்கொண்டிருந்த திஹோனி அதைக் கீழே போட்டான். "இதோ வந்துட்டேம்மா" என்றான், நல்ல தமிழில். நான் அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததே கிடையாது. வாசற்படி தாண்டுவதுபோல் டெக்கின் ஓரக் கம்பியைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டான். நான் கத்தியது காற்றோடு போயிற்று.

தேடினோம், உடம்பு கிடைக்கவில்லை. அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார் கேப்டன். எனக்கு வந்ததை அவன் வாங்கிக்கொண்டான் என்று நான் யாரிடம் சொல்வது? பயத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. லீவு கிடைத்ததும் ஊருக்கு ஓடினேன்.

கதவைத் திறந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வாங்க தம்பி, உக்காருங்க" என்றாள்.

"அம்மா, நான் முருகேசன்மா."

"அவங்கூட வேலை பாக்கிறவுக தான? அவன் அன்னைக்கு ஒருநாளு வந்துட்டுப் போயிட்டானே. மத்தியானம் சோறு ஆறுதேன்னு கூப்பிட்டேன், தலையெல்லாம் மண்ணும் தண்ணியுமா வந்து நின்னான். வயிறாரச் சாப்பிட்டான். என்ன, ஆளு ரொம்ப வளந்துட்டான், வாசல் நிலையில தல இடிக்காம குனிஞ்சுல்லா வந்தான்."

அம்மாவுக்குப் புத்தி பிசகவில்லை. பால்காரரையும் தெரிந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் தெரிந்தது. என்னை மட்டும்தான் தெரியவில்லை. அதன் பிறகு பல வருஷம் என்னோடுதான் இருந்தாள், கடைசிவரை "வாங்க, போங்க" தான். ஒருமுறைகூட "டா" போட்டுக் கூப்பிடவில்லை.

கொள்ளி நான்தான் வைத்தேன். வைக்க எனக்கு உரிமை இருந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.