ரோசலின் சிஸ்டர் பிரிக்காத கவர்

ரோசலின் சிஸ்டரின் படம், குறைமாதத்தில் பிள்ளை பெற்ற நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் பெரிய மார்க்கெட்டில் மீன் கூடை இறக்கிக்கொண்டிருந்தேன். பிறந்தநாள் என்று நினைத்து, கீழே இருந்ததைப் படிக்காமலே "வாழ்த்துகள் சிஸ்டர்" என்று பூங்கொத்தும் போட்டுவிட்டேன். மனைவி போன் செய்து திட்டிய பிறகுதான் அவர் இறந்த செய்தி என்று தெரிந்தது. பார்த்தவர்கள் மன்னிக்கவும். பத்தாவதோடு நின்றவன், எதையும் பாதிதான் படிப்பேன்.

அவரை முதலில் பார்த்தது பிரசவ அறை வாசலில். மனைவிக்கு ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே வலி. "அப்பா, இப்படி உக்காருங்க" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

அவர் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ். இவ்வளவு சீக்கிரம் பிறக்கும் குழந்தை தானாக மூச்செடுக்கத் திணறும். தொப்புள்கொடியை வெட்டிவிட்டு மூச்சுக்கு உதவுவதா, வெட்டாமல் தாயருகே வைத்தே உதவுவதா என்பதுதான் ஆராய்ச்சி. எந்த முறை என்று ஒட்டிய கவருக்குள் இருக்கும். பிரசவ நேரத்தில்தான் பிரிப்பார்கள். இதில் சேரச் சம்மதத் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்.

"நம்ம புள்ளைக்கு நல்ல கவரா பாத்து எடுத்துடுங்க சிஸ்டர். பெரிய வஞ்சிரமா ஒண்ணு வீட்டுக்கே வந்துடும்."

சிரித்துவிட்டார். "எது நல்லதுன்னு தெரிஞ்சா உங்கள எதுக்குக் கேக்கப் போறேன்? யாருக்கும் தெரியாததாலதான் கேக்குறேன். கையெழுத்து போடலன்னாலும் புள்ளைக்கு அதே கவனிப்புதான். வஞ்சிரத்த நீங்களே வறுத்துத் தின்னுங்க."

போட்டேன். வெட்டிவிட்டு உதவும் கவர் வந்தது. மகள் ஒரு கிலோகூட இல்லை. அதைவிடப் பெரிய மீனைத் தினம் தராசில் வைக்கிறவன் நான். அன்று அவளைத் தொடக் கை வரவில்லை. சிஸ்டர்தான் என் விரலைப் பிடித்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

இரண்டு வயதுப் பரிசோதனைக்குத் தேதி மறந்துவிட்டேன். பிள்ளை அடுக்கிக் காட்ட வேண்டிய மரக்கட்டைப் பையோடு பஸ் ஏறி அவரே அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் கட்டையை அடுக்காமல் அவர் மடியில் ஏறிக் கண்ணாடியைப் பிடுங்கினாள். "இத எழுத ஃபார்ம்ல இடமில்லையேடி" என்றார்.

இப்போதெல்லாம் "இன்னிக்குப் புடிச்ச மீனா?" என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்கிறேன். வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான்.

வீட்டுக்கு வந்த அன்று கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அன்னைக்குப் புரிஞ்சுதானே கையெழுத்து போட்டீங்க, அப்பா?"

"நல்லாவே புரிஞ்சுது சிஸ்டர்" என்றேன்.

புரியவில்லை சிஸ்டர். போடாவிட்டால் பிள்ளையைச் சரியாகப் பார்க்க மாட்டீர்களோ என்ற பயத்தில் போட்டேன். இன்று அந்தத் தாளை நீட்டுங்கள், பயமில்லாமல் போடுகிறேன்.