கழுவாத சாக்கு

மலேசியாவின் பொந்தியான் பக்கம் ஒரு கோழித் தீவனத் தொழிற்சாலையில் சுகுமாறனுக்குப் பதினெட்டு வருட வேலை. காலிச் சாக்குகளைப் பண்ணைகளிலிருந்து திரும்ப வாங்கி, நோய் பரவாமலிருக்க மருந்து நீரில் கழுவி, மறுபடி நிரப்பும் ஏற்பாடு அவர் கொண்டுவந்தது. குப்பை பாதியாகக் குறைந்தது. மழை வாரம் ஒன்றில் கழுவிய சாக்குகள் காயவில்லை, லாரி காத்திருந்தது. ஒரு கட்டுச் சாக்கைக் கழுவாமலே நிரப்பி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த கிருஷ்ணம்மாவின் பண்ணையில் பத்தே நாளில் முந்நூறு கோழிகள் நோயில் செத்தன.

வெளியே சொன்னால் ஏற்பாடே நின்றுவிடும் என்று தனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டு, கிருஷ்ணம்மாவைப் பார்க்கப் போனார்.

"என் மேலதான் தப்பு, தம்பி. கோழிக் கொட்டாய ஒழுங்கா கூட்டல. வீட்டுக்காரரு முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறாரு லா," என்றார் கிருஷ்ணம்மா.

சுகுமாறனின் நியாயம் அங்கே நிற்கவில்லை.

"இல்லக்கா. சாக்க நான்தான் கழுவல. அவரக் கூப்பிடுங்க, அவர்கிட்டயும் சொல்றேன்."