மூன்றாம் பாட்டின் நடுவில்

எங்கள் ஊரிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகிற வேனில், காலையில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "இப்ப என்ன ஆல்பம் ஓடுது?" என்பதுதான் எங்கள் வணக்கம். நான் அங்கே பேக்கிங்கில் இருக்கிறேன். டப்பாவில் வெடியை அடுக்கி லேபிள் ஒட்டுகிற வேலை. கொஞ்ச காலமாக எனக்கு ஒரு வீணை ஆல்பம்தான். அதைச் சொன்னால் வேனே கொட்டாவி விட்டுக் காட்டும். திரி வெட்டுகிற மதினிக்குக் காது கிழிகிற பறை இருந்தால் போதும். "ஒன் வீணையக் கேட்டா எனக்குப் படுக்கையப் போடணும்போல இருக்குடி" என்பாள். அவள் ரசனையைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

முன் சீட்டில் உட்காருகிறவர்தான் அன்றைக்குப் பாட்டுப் போட வேண்டும். அது முறை வைத்துச் சுற்றிவரும். டிரைவர் அண்ணன் அதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார். ஆல்பம் என்றால் முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும், தாவக் கூடாது. யாராவது தாவினால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். "பந்தியில உக்காந்தவுடனே பாயாசத்தக் கேப்பீகளோ?" என்பார். நாங்களும் அடங்கிவிடுவோம்.

கம்பெனி வாசலில் எந்தப் பாட்டாக இருந்தாலும் நின்றுவிடும். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் போகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் அணைத்துக் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பாடகி பாதிச் சொல்லில் இருப்பாள், நறுக்கென்று வெட்டிவிடுவோம். மிச்சம் சாயங்காலம்தான். அதுவரைக்கும் அந்த அரைப் பாட்டு எங்கள் மண்டைக்குள்ளேயே கிடந்து சுற்றும். ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். கதவெல்லாம் திறந்தே கிடக்கும். மத்தியான வெயிலில் ஒரு ரூமில் முணுமுணுப்புக் கேட்கும், அதை அடுத்த ரூம் எடுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த ரூம். காலையில் வெட்டிய இடத்துக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாதே. ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரித்துவிடும். கருவேல மரத்தையும் தகரக் கூரையையும் தவிர ஒன்றுமில்லாத அந்தக் காட்டில், சொல்லிவைத்தாற்போல அத்தனை வாயும் ஒரே இடத்தில் மூடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த சீசன் தொடங்கியபோது எங்கள் வேனுக்கு ஒரு பெண் புதிதாக வந்தாள். போன சீசனில் வேறொரு கம்பெனியில் நடந்த விபத்தில் அவளுடைய அக்கா இறந்துபோயிருந்தாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்காருவாள். என்ன ஆல்பம் ஓடுது என்று கேட்டால், "ஒண்ணும் ஓடலக்கா" என்பாள். அவளுடைய முறை வந்தால் அடுத்த ஆளை ஏற்றிக்கொள்வோம். 

ஒருநாள் காலையில் அவளாகவே வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து திரை விரிசல் விட்ட பழைய போன் ஒன்றை எடுத்து டிரைவர் அண்ணனிடம் நீட்டினாள். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒயரைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தார். மூன்றாவது பாட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தது. சட்டக்காரர் சும்மா இருப்பாரா? "மொத பாட்டுல இருந்து போடுவோம் தாயி" என்று விரலைக் கொண்டுபோனார்.

"தொடாதீகண்ணே!"

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. வண்டி கிளம்பவில்லை.

"இது எங்கக்கா போனு. அன்னைக்கு வாசல்ல குடுக்கும்போது இங்கனதான் நிறுத்திருக்கா. போனவ போனவதான். போனு மட்டும் வாட்ச்மேன் பெட்டியில பத்திரமா கெடந்துச்சு. நான் சார்ஜ் போட்டுப் போட்டு வச்சிருந்தேன், பாட்ட மட்டும் ஓடவிடல. ஓடவிட்டா அவ நிறுத்துன எடம் போயிரும்ல."

திரி வெட்டுகிற மதினி அவள் தோளில் கை வைத்தாள்.

"இப்ப சார்ஜும் ஏற மாட்டேங்குது. அணைஞ்சா மறுபடி எந்திரிக்காதுன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு. தனியா கேக்க எனக்குத் தெம்பில்ல. இங்கன, எல்லாரும் இருக்கும்போது…"

டிரைவர் அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். "நீயே போடு தாயி" என்றார். அந்தச் சட்டத்தை அவரே மீறியதை நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

அவள் தொட்டாள். ஒரு சொல்லின் பின்பாதியோடு பெண் குரல் ஒன்று கிளம்பியது. கூடவே ஒரு ஆர்மோனியம், வேறொன்றும் இல்லை. வண்டி புறப்பட்டது. எத்தனையோ ஆல்பம் கேட்டவள் நான். இது நன்றாயில்லை, அது இழுக்கிறது என்று குறை சொல்லியே பழகிய காது. அன்றைக்கு அந்தக் காதுக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில் நாங்களும் மூச்சு வாங்கினோம். அந்தக் கடைசி நாளில் இதில் ஒரு நொடியைக்கூட அவளுடைய அக்கா கேட்டிருக்கவில்லை என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. பயமாக இருந்தது. கோயில் நடை திறக்கும்போது வருமே, அந்த மாதிரி பயம்.

நீளமான பாட்டு. கம்பெனி வாசல் வந்தும் முடியவில்லை. டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்தார், சாவியை எடுக்கவில்லை. மணி அடித்தது. ஒருத்தரும் இறங்கவில்லை. போர்மேன் வேகமாக வந்து, "என்னம்மா, லோடு ஏத்தணும்ல, உள்ள உக்காந்து கச்சேரியா?" என்று கதவைத் திறந்தார். மதினி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். யார் முகத்தில் எதைப் பார்த்தாரோ, கதவைப் பிடித்தபடியே அவரும் நின்றுவிட்டார்.

ஆர்மோனியம் தேய்ந்து அடங்கியது. பாட்டு முடிந்தது. நாலாவது பாட்டு தொடங்கப்போகிற அந்த இடைவெளியில் திரை இருண்டுவிட்டது. அவள் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அது எழுந்திருக்கவில்லை.

 அவள் திரும்பி எங்களைப் பார்த்து, "பரவால்லக்கா, அவ பாட்டு முடிஞ்சிருச்சு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

இறங்கி வரிசையில் நின்று அந்த போனை நீட்டினாள். "செத்த போன எதுக்கும்மா குடுக்கே, நீயே வச்சுக்கோ" என்றார் வாட்ச்மேன். "இல்லண்ணே, வாங்கிக்கங்க" என்று கொடுத்து, டோக்கனைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் எல்லோரையும் போல வெளியே வந்து, டோக்கனைக் கொடுத்து, அக்காவின் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.